பத்து இலக்கத் திரைக்குள் 293318625600

கும்பகோணத்தில் வீட்டுத் திண்ணையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒன்பது பிள்ளைகள். வார நாட்களில் பள்ளிப் பாடம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் மட்டும் பாடப் புத்தகத்தைத் தொடமாட்டோம், எண்களோடு உட்காருவோம். அந்த ஞாயிறு வகுப்புக்காகத்தான் போன வருடம் கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் கால்குலேட்டர் வாங்கினேன். பதினான்கு மாதம் வாரம் தவறாமல் கையாண்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

இன்ஜினியரிங் படிக்கிறவர்கள் இந்தக் கால்குலேட்டரைப் பற்றி நிறையச் சொல்லியிருப்பார்கள். அணி, கலப்பெண், தொகையீடு என்று மொத்தம் 417 செயல்பாடுகள் இதில் உண்டு. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: ஃபேக்ட். பாகை, நிமிடம், விநாடி போடும் விசைக்கு மேலே மஞ்சள் எழுத்தில் இருக்கும். ஓர் எண்ணை அடித்து சமக்குறி அழுத்தி, பிறகு ஷிஃப்ட், ஃபேக்ட் என்று அழுத்தினால் அந்த எண் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிந்து திரையில் நிற்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு சங்கதி. நான் முதல் தடவை வாங்கியது போலி. எந்தக் கடை என்று இங்கே எழுதப்போவதில்லை. விலை குறைவாக இருந்ததைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஃபேக்ட் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, பெயர் மட்டும் அச்சடித்திருந்தது. இரண்டாவது தடவை கடையிலேயே 1014 அடித்துப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். 2 × 3 × 13² என்று வர வேண்டும். நீங்களும் அதைச் செய்யுங்கள், கால் நிமிட வேலை. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுக்கும்போது கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி தலைப்பில் உள்ள அந்த எண்.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீடு எங்கள் தெருவிலிருந்து நடை தூரம். ஊரில் எந்தப் பிள்ளையை நிறுத்திக் கேட்டாலும் ராமானுஜன் எண் 1729 என்று சொல்லிவிடும், அதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் உட்கார்ந்து கணக்குப் போட்ட எண்களில் எத்தனையோ இருக்க, ஒரே ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறோமே என்று எனக்கு ரொம்ப நாளாகவே மனக்குறை. அதனால் 1915-இல் அவர் கேம்பிரிட்ஜில் இருந்தபோது லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த பெரிய கட்டுரையை எடுத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். போர்க்காலத்தில் சங்கத்துக்குப் பண நெருக்கடி. எழுதியதில் ஒரு பகுதியை அச்சிடாமலே விட்டார்கள். அந்தப் பகுதி ஓர் ஆய்விதழில் வெளிவர 1997 வரை ஆயிற்று.

அந்தக் கட்டுரை எந்த மாதிரி எண்களைப் பற்றியது என்பதை எட்டாம் வகுப்புக்கே சொல்லிவிடலாம். 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு வகுத்திகள். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. 24-க்கு எட்டு, அதற்குக் கீழே எதற்கும் எட்டு கிடையாது. 36-க்கு ஒன்பது, 48-க்குப் பத்து, 60-க்குப் பன்னிரண்டு. இப்படி, தனக்கு முன்னால் வந்த எல்லா எண்களையும் வகுத்தி எண்ணிக்கையில் முந்திக்கொண்டு போகிற எண்களுக்கு அவர் ஒரு பெயர் வைத்தார். எங்கள் வகுப்பில் ‘மிகுபகு எண்’ என்று சொல்கிறோம். ராமானுஜன் இப்படிப்பட்ட 102 எண்களைக் கையால் கணக்கிட்டுப் பட்டியல் போட்டார். கடைசி எண் 6746328388800. பதின்மூன்று இலக்கம்.

அந்தப் பட்டியலில் நடுவே ஒரே ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது. அதுதான் 293318625600. நம் வாசிப்பில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

இதை நான் பிள்ளைகளிடம் சொன்ன அன்று திண்ணையில் சத்தமே இல்லை. “அவரே விட்டுட்டாரா மிஸ்?” என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டான். விட்டுப்போன அந்த ஒன்றை நாமே பிரித்துப் பார்ப்போம் என்று கால்குலேட்டரை அவன் கையில் கொடுத்தேன்.

அவன் பன்னிரண்டு இலக்கத்தையும் அடித்து சமக்குறி அழுத்தினான். திரை 2.933186256×10¹¹ என்று காட்டியது. விடையில் பத்து இலக்கம் வரைதான் இந்தத் திரை காட்டும், இந்த எண் பன்னிரண்டு இலக்கம். ஃபேக்ட் அழுத்தியதும் மேத் எரர். கையேட்டிலேயே தெளிவாகப் போட்டிருக்கிறார்கள், பத்து இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணை ஃபேக்ட் பிரிக்காது என்று.

ஒரு பெரிய இயந்திரமாக இருந்திருந்தால் அந்த இடத்தில் விடை வந்திருக்கும், பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே யோசிக்க வேண்டியிருந்தது. கடைசி இரண்டு இலக்கமும் சுழி. 100-ஆல் வகுத்தால் 2933186256, சரியாகப் பத்து இலக்கம். அதை அடித்து ஃபேக்ட் அழுத்தினார்கள்.

2⁴ × 3⁴ × 7² × 11 × 13 × 17 × 19.

எடுத்து வைத்த 100 என்பது 2² × 5². அதைத் திரும்பச் சேர்த்தால் முழு எண் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. இந்தக் கடைசிச் சேர்ப்பை நோட்டில் பென்சிலால் செய்தது ஒரு பத்தாம் வகுப்புப் பெண். கால்குலேட்டரும் கையும் பாதிப் பாதி வேலை செய்த அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இந்தச் சாதனத்துக்குக் கொடுத்த பணம் எனக்குச் செரித்துவிட்டது.

வகுத்திகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லும் விசை இதில் கிடையாது. அதையும் கையால்தான் செய்ய வேண்டும். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் போதும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5040. வரிக்கு ஒன்றாக, பக்கத்துக்கு நாற்பது வரி எழுதினாலும் இந்த எண்ணின் வகுத்திகளை எழுதி முடிக்க 126 பக்கம் வேண்டும். 5040-ஐப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் 5040-உம் ஒரு மிகுபகு எண். அதற்கு 60 வகுத்திகள். 60-க்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. வரிசையாக எல்லாமே மிகுபகு எண்கள். 4-க்கு 3 என்று வரும்போதுதான் சங்கிலி அறுகிறது. பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள், நான் 60 வரைதான் சொன்னேன்.

வகுத்திகளின் கூட்டுத்தொகையையும் கேட்டார்கள். 2-இன் அடுக்குகளை 1 முதல் 64 வரை கூட்டினால் 127, 3-க்கு 121, 5-க்கு 31, 7-க்கு 57, மீதிக்கு 12, 14, 18, 20. எல்லாவற்றையும் பெருக்கினால் திரையில் 1.642243015×10¹² வருகிறது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திரை பத்து இலக்கத்துக்கு முழுமையாக்கிக் காட்டுகிறது. ஆனால் உள்ளே பதினைந்து இலக்கம் வரை வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. அந்த விடையிலிருந்து அப்படியே 1642243000000-ஐக் கழித்தால் 14720 என்று மறைந்திருந்த வால் வெளியே வரும். ஆக முழு விடை 1642243014720. இந்தக் கழித்தல் உத்தியைக் கற்றுக்கொள்ளாதவர்கள் இந்தக் கால்குலேட்டரைப் பாதிதான் வாங்கியிருக்கிறார்கள் என்று சொல்வேன்.

அதே உத்திதான் ஒரு பெரிய குழப்பத்திலிருந்தும் எங்களைக் காப்பாற்றியது. கால்குலேட்டரின் டேபிள் முறையில் போய், 293318625600-ஐ 1 முதல் 23 வரை வரிசையாக வகுக்கச் சொன்னோம். எல்லாம் நல்ல பிள்ளைகளாக வந்து நின்றன. 17-ஆல் வகுத்தால் 1.72540368×10¹⁰. 22-ஆல் வகுத்தால் 1.33326648×10¹⁰. 23-க்கு 1.275298372×10¹⁰. பார்வைக்கு இதுவும் முழு எண் மாதிரியே இருக்கிறது! ஒரு பையன் “23-லயும் போகுது மிஸ்” என்று குதித்துவிட்டான். 23 பகா எண், காரணிகளில் அது இல்லையே என்று கேட்டதும் யோசித்தான். மறுபடி 23-ஆல் வகுத்து 12752983720-ஐக் கழித்தபோது 1.7391 என்று வந்தது. புள்ளிக்குப் பின்னால் வால் இருக்கிறது. நோட்டில் நீள்வகுத்தல் போட்டுப் பார்த்தார்கள், மீதி 17.

ஆக இந்த எண் 1 முதல் 22 வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடும். முதன்முதலில் 23-இல்தான் நிற்கும். இந்த 23 எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பதினான்கு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த காலை அதுதான்.

விட்டுப்போன எண்ணுக்கு முந்தைய மிகுபகு எண் 240940299600. வகுத்திகள் 4800. அடுத்தது 321253732800. வகுத்திகள் 5376. இரண்டையும் அதே மாதிரி 100-ஆல் வகுத்து ஃபேக்டில் போட்டோம். முந்தையது 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. அடுத்தது 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. இரண்டிலும் 23 இருக்கிறது. நடுவில் உள்ளதில் மட்டும் இல்லை. அதற்குப் பின் பட்டியலில் வரும் ஒவ்வோர் எண்ணிலும் 23 உண்டு. அப்படியானால் 19-ஓடு நின்றுவிடும் கடைசி மிகுபகு எண் இதுதான். 23 வரிசைக்குள் நுழைந்த பிறகும், 23 இல்லாமலே, 7-ஐ இரண்டு தடவை வைத்துக்கொண்டு ஓர் எண் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நடு எண்ணை 28-ஆல் வகுத்து 23-ஆல் பெருக்கினால் முந்தையது வரும். 21-ஆல் வகுத்து 23-ஆல் பெருக்கினால் அடுத்தது வரும். இதைக் கால்குலேட்டரில் அடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள்: “எதாலும் வகுக்காம சும்மா 23-ஆல பெருக்கினா என்ன வரும் மிஸ்?” எனக்குப் பதில் தெரியாது. அடிக்கச் சொன்னேன். 6.746328389×10¹². வாலைப் பார்க்க 6746328000000-ஐக் கழித்தாள். 388800.

6746328388800. ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்.

விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் அவர் பட்டியலை முடித்த எண். வகுத்திகள் சரியாக இரண்டு மடங்கு, 10080. அன்றைக்கு வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகும் நான் வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். நூறு எண்களுக்கு மேல் கையால் தேடி, ஒன்றே ஒன்றைத்தான் தவறவிட்டிருக்கிறார். அதன் 23 மடங்கு அவர் பேனாவிலேயே எழுதப்பட்டு, பட்டியலின் கடைசி வரியில் இருக்கிறது.

மறுபடி கால்குலேட்டருக்கு வருகிறேன். ஃபேக்டின் இன்னொரு எல்லையையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மூன்று இலக்கப் பகா எண்கள் வரைதான் அது வகுத்துப் பார்க்கும், அதாவது 997 வரை. அதற்குப் பிறகு மிஞ்சுவதை அப்படியே வைத்துக்கொள்ளும். அடுத்த பகா எண் 1009. அதன் வர்க்கம் 1018081. மிஞ்சியது இதைவிடச் சிறியதாக இருந்தால் அது கண்டிப்பாகப் பகா எண்தான், சந்தேகம் வேண்டாம். பெரியதாக இருந்தால் அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டும். 4104676 அடித்துப் பாருங்கள், 2² × (1026169) என்று வரும். அடைப்புக்குள் இருப்பது 1013-இன் வர்க்கம். கால்குலேட்டர் அதுவரை போகாது.

இந்த அடைப்புக்குறியை நான் மிகவும் மதிக்கிறேன். இதற்கு மேல் நான் பார்க்கவில்லை, நீ பார் என்று சொல்கிறது. 2-இன் 32ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டினால் 4294967297. இது பகா எண் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித அறிஞர் அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். இந்தக் கால்குலேட்டரில் போட்டால் 641 × (6700417) என்று வருகிறது. அடைப்புக்குள் இருப்பது பகா எண்தான், ஆனால் அதை நிரூபிக்க 6700417-இன் வர்க்கமூலம் வரை, கிட்டத்தட்ட 2588 வரை, பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 997 வரை கால்குலேட்டரே பார்த்துவிட்டது. மிச்சத்தை 1009-இலிருந்து ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தோம்.

மொபைலில் உள்ள கால்குலேட்டர் போதாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். மொபைலில் பன்னிரண்டு இலக்கமும் முழுசாகத் தெரியும், உண்மைதான். ஆனால் சாதாரணமாக அதில் காரணிப்படுத்தும் விசை இருக்காது. அதோடு பிள்ளை கையில் மொபைல் போனால் எண் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

கம்ப்யூட்டர் இருந்தால் வேறு வழிகள் உண்டு, காசும் வேண்டாம். என் அக்கா மகன் லேப்டாப்பில் லினக்ஸ் வைத்திருக்கிறான். கட்டளை வரியில் ‘ஃபேக்டர்’ என்று அடித்துப் பக்கத்தில் எண்ணைப் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் ஆறு இரண்டு, நான்கு மூன்று, இரண்டு ஐந்து, இரண்டு ஏழு, 11, 13, 17, 19 என்று வரிசையாகக் கொட்டிவிடுகிறது. பிரான்சில் போர்தோ பல்கலைக்கழகத்தில் உருவான பாரி/ஜிபி என்ற இலவச மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போய் வகுத்திகள் 5040 என்று எண்ணியே சொல்லிவிடும். கல்லூரியில் எண்கோட்பாடு படிக்கிறவர்களுக்கு நான் பாரியைத்தான் சொல்வேன், இந்தக் கால்குலேட்டரைச் சொல்லமாட்டேன். அவர்கள் கையில் வருவது ஐம்பது இலக்க எண்கள், அதற்கு இது ஈடுகொடுக்காது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுதான் சரி. பிளஸ் டூ வரை நம் மாநிலக் கணிதப் பரீட்சைக்குக் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது, அதனால் மதிப்பெண்ணுக்காக வாங்காதீர்கள். எண்ணைப் பிரித்துப் பார்க்கும் ஆசை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் வாங்குங்கள். சூரிய ஒளித் தகடும் உள்ளே எல்ஆர்44 பொத்தான் பேட்டரியும் சேர்ந்து இயங்குகிறது. பதினான்கு மாதத்தில் நான் பேட்டரி மாற்றவில்லை. இரண்டு தடவை திண்ணையிலிருந்து கீழே விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. மேல்மூடியைப் போட்டே வையுங்கள்.

இப்போது பட்டியலை ஆரம்பத்திலிருந்து, 2, 4, 6, 12 என்று ஒவ்வோர் எண்ணாக ஃபேக்டில் போட்டுச் சரிபார்த்துக்கொண்டு வருகிறோம். போன ஞாயிறு 6983776800 வரை வந்துவிட்டோம். 2304 வகுத்திகள். பத்து இலக்கத்துக்குள் வரும் கடைசி மிகுபகு எண் அதுதான், இந்தத் திரை நேராகப் பிரிப்பதும் அதுவரைதான். அடுத்தது 10475665200, பதினொன்று இலக்கம். எட்டாம் வகுப்புப் பெண் அதை 100-ஆல் வகுத்து, 104756652 என்று நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.